றீற்றா வழிமொழிந்த தலைவர்

றீற்றாவின் வீட்டில் இரண்டு படுக்கையறைகள் இருந்தன. ஒன்றில் அவளும் கணவன் கஸ்பரும் படுத்தார்கள். மற்றதில் யார் படுப்பது என்பதை முனைக்கரை மக்கள் ஒன்றியம் தீர்மானித்தது. அவர்களுடைய ஒரே மகள் ஸ்டெபனி, ஹோலில் இரவில் விரித்துக் காலையில் மடிக்கிற சோபாவில் படுத்தாள். ரொறன்ரோவுக்கு வரும்போது அவளுக்கு ஒன்பது வயது. இப்போது பதினாறு.

முனைக்கரை யாழ்ப்பாணத்துத் தீவுகளில் ஒன்றில் இருந்த சின்னக் கத்தோலிக்க ஊர். சண்டையில் ஊர் கலைந்தபோது ஒரு பகுதிச் சனம் ரொறன்ரோவுக்கு வந்து சேர்ந்தது. முதலில் பார்க்டேலில் நெருங்கி இருந்தார்கள். பிறகு சிலர் ஸ்காபரோவுக்குப் போனார்கள், சிலர் றீற்றாவைப் போலச் சென் ஜேம்ஸ் ரவுணின் உயர்ந்த மாடிகளுக்கு ஏறினார்கள். எங்கே போனாலும் ஒன்றியத்தின் ஒரு சட்டம் கூடவே போனது. அதற்குப் பெயர் முறை.

ஊர்க்காரர் யார் புதிதாக வந்தாலும், விமானத்தில் இறங்கினாலும் அமெரிக்காவிலிருந்து பஃபலோ எல்லையைக் கடந்து வந்தாலும், ஒரு வீடு அவர்களை இரண்டு மாதம் வைத்திருக்க வேண்டும். எந்த வீடு என்பதைத் தலைவர் அமிர்தநாதர் சொல்வார். ஊரில் சங்கக்கடை மனேஜராக இருந்தவர். அங்கே சீனியும் மாவும் பங்கிட்ட மாதிரியே இங்கே ஆட்களைப் பங்கிட்டார். சொந்தம் பார்க்க மாட்டார், சாட்டுப்போக்குக் கேட்க மாட்டார். "பிள்ளை, உம்மடை முறை வந்திட்டுது" என்று ரெலிபோனில் ஒரு வசனம், அவ்வளவுதான். இரண்டு மாதம் முடிகிற அன்று யாரிடமாவது இரவல் வாங்கிய வானோடு கட்டட வாசலில் நிற்பார். வந்தவர்கள் மூட்டையைத் தூக்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போக வேண்டும். இன்னும் ஒரு கிழமை என்று அழுதாலும் போக வேண்டும். அந்த நேரத்தில் றீற்றா குசினிக்குள் போய் அடுப்படியில் நின்றுகொள்வாள். என்ன மனிசன் இவர் என்று மனதுக்குள் திட்டுவாள்.

முறை தவறிய வீட்டின் நல்லது கெட்டதுக்கு ஒன்றியம் போகாது. அது வெறும் பேச்சில்லை. சூசைதாசன் என்றொருவர், மனைவி சத்திரசிகிச்சை முடிந்து படுத்திருந்த நேரம் தன் முறையை மறுத்தார். அடுத்த வருடம் அவருடைய தாய் செத்தபோது செத்தவீட்டு மண்டபத்தில் கதிரைகள் வெறுமையாகக் கிடந்தன. சவப்பெட்டி தூக்க ஆள் போதாமல், மண்டபத்தில் வேலை செய்த இரண்டு வெள்ளைக்காரர்தான் கைகொடுத்தார்கள். றீற்றா அன்றைக்கு வீட்டிலிருந்து ஜெபமாலை சொன்னாள். போகவில்லை. போக வேண்டாம் என்று அமிர்தநாதர் சொல்லியிருந்தார்.

றீற்றாவுக்கு மாட்டேன் என்று சொல்ல வராது. அவள் ஒரு ஹோட்டலின் லோண்டிறியில் படுக்கை விரிப்புகள் மடிக்கிற வேலை செய்தாள். ஞாயிற்றுக்கிழமை வேலையை யாராவது மாற்றிக் கேட்டால் தலையாட்டிவிடுவாள், பிறகு பூசைக்குப் போகமுடியவில்லையே என்று வீட்டில் வந்து வருந்துவாள். கஸ்பர் ஆட்களுக்கு முன்னால் பகிடி விடுவான்: "உவ என்னைக் கட்டினது நான் முதல் கேட்டதாலைதான். வேறை ஆரும் முந்தியிருந்தால் அவரைக் கட்டியிருப்பா." எல்லாரும் சிரிப்பார்கள். றீற்றாவும் சிரிப்பாள்.

1994ஆம் ஆண்டு டிசம்பரில் நத்தார்ப் பண்டிகைக்கு அடுத்த நாள் ஸ்டெபனி முதல் தடவையாக அறையைக் கேட்டாள். சத்தம் போடவில்லை. பல்கலைக்கழகத்துக்குப் போக வேண்டுமென்றால் இனி வரும் இரண்டு வருடமும் ஒழுங்காகப் படிக்க வேண்டும், கதவு உள்ள ஒரு இடம் வேண்டும் என்று மட்டும் சொன்னாள். வருகிற செப்ரெம்பரிலிருந்து அறை உனக்குத்தான் என்று றீற்றா வாக்குக் கொடுத்தாள். கொடுத்த பிறகுதான் முறையை நினைத்தாள். சனம் வந்துகொண்டே இருந்தது. செப்ரெம்பரில் அமிர்தநாதர் ரெலிபோன் எடுத்தால் என்ன செய்வது?

அந்த நேரம் பார்த்துத்தான் லெஸ்லி தலைவர் பதவிக்கு நிற்கப் போவதாகக் கதை வந்தது.

லெஸ்லி ரக்சி ஓட்டினான். முப்பத்தைந்து வயது, கலியாணம் இல்லை, ஸ்காபரோவில் ஒரு வீட்டின் நிலக்கீழ் பேஸ்மன்றில் இன்னும் மூன்று ஆண்களோடு இருந்தான். ரக்சிக்குள் நாள் முழுக்க அமெரிக்க ரேடியோ கேட்பான். அரசாங்கம் என்றாலும் சங்கம் என்றாலும் மனிதர்மேல் எவ்வளவு குறையக் கைவைக்கிறதோ அவ்வளவு நல்லது என்பது அவனுடைய கொள்கை. எந்தச் சாமானுக்கும் எந்த வரியும் அவனுக்குப் பிடிக்காது. ஆனால் இரவில் யாருக்கு ஆஸ்பத்திரி என்றாலும் காசு வாங்காமல் ஏற்றிக்கொண்டு போவான்.

ஒரு சனிக்கிழமை பின்னேரம் அவன் றீற்றாவின் வீட்டுக்கு வந்தான். தேத்தண்ணி ஆறும்வரை கஸ்பர் அவனைப் பகிடி பண்ணிக்கொண்டிருந்தான்.

"தலைவராக வந்தால் ஒண்டும் செய்யமாட்டன் எண்டு சொல்லி வாக்குக் கேக்கிற ஆளை இப்பதான் பாக்கிறன்."

"ஒண்டும் செய்யாமல் இருக்கிறது லேசான வேலை எண்டு நினைக்கிறியளோ, அண்ணை?"

"இல்லையடாப்பா. என்ர மச்சான் அந்த வேலைதான் செய்யிறான். வெல்பெயர் குடுக்கிறாங்கள்."

லெஸ்லியும் சிரித்தான். ஆனால் முறை பற்றிய பேச்சு வந்ததும் அவனுடைய முகம் மாறிவிட்டது. ஊரில் பங்கர் வெட்டுவதற்கு வீட்டுக்கு ஒரு ஆள் என்று முறை வைத்திருந்தார்கள். லெஸ்லி அப்போது கொழும்பில். அவனுடைய தகப்பனுக்கு இழுப்பு வருத்தம். முறை உங்களுடையது, வேறு ஆள் இல்லையென்றால் நீங்கள்தான் வர வேண்டும் என்று இயக்கப் பெடியள் கூட்டிக்கொண்டு போனார்கள். பின்னேரம் அவருடைய உடலைத்தான் வண்டிலில் கொண்டுவந்து இறக்கினார்கள். இதை லெஸ்லி முன்பும் சொல்லியிருக்கிறான். அன்றைக்கு அதைச் சொல்லி முடித்துவிட்டு றீற்றாவைப் பார்த்துச் சொன்னான்:

"அந்தப் பெடியளும் ஊருக்கு நல்லதெண்டுதான் செய்தவங்கள், அக்கா. அமிர்தநாதர் அண்ணையும் அப்பிடித்தான். ஆனால் என்ர வீட்டுக் கதவை எப்ப திறக்கிறதெண்டு நான்தான் சொல்லோணும். உங்கடை கதவுக்கு நீங்கள்."

றீற்றா மடித்து வைத்திருந்த சோபாவைப் பார்த்தாள்.

அவனுடைய பெயரைச் சூசைதாசன் முன்மொழிவார் என்றும், வழிமொழிய ஆள் இல்லை என்றும் லெஸ்லி சொன்னான். சூசைதாசனின் கோபம் எல்லாருக்கும் தெரியும். ஒரு தடவையும் மறுக்காமல் ஆட்களை வைத்துப் பார்த்த வீடு வழிமொழிந்தால் அதன் பெறுமதி வேறு. "நீங்கள் சொன்னால் சனம் கேக்கும், அக்கா."

றீற்றா தலையாட்டினாள். அது அவள் விரும்பிச் செய்ததா, அல்லது கேட்டவனுக்கு மாட்டேன் என்று சொல்ல முடியாமல் செய்ததா என்று பிறகு பலமுறை யோசித்துப் பார்த்தாள். அவளுக்கே பிடிபடவில்லை.

கூட்டம் பங்குனி மாதத்து ஞாயிறு ஒன்றில், பார்க்டேலில் தமிழ்ப் பூசை நடக்கிற கோவிலின் கீழ் மண்டபத்தில் நடந்தது. அதுவரை ஒன்றியத்தின் தலைவர் ஏகமனதாகத்தான் தெரிவானார். ஒருவர் முன்மொழிவார், ஒருவர் வழிமொழிவார், கைதட்டி விட்டுப் பற்றிஸ் சாப்பிடுவார்கள். போட்டி என்பது ஊருக்கே வெட்கக்கேடு என்று முதியவர்கள் நினைத்தார்கள். அதனால் சூசைதாசன் எழுந்து இரண்டாவது பெயரைச் சொன்னதும் மண்டபம் ஒருமுறை அசைந்து அடங்கியது. றீற்றா எழுந்து, "நான் வழிமொழியிறன்" என்றபோது கஸ்பரே திரும்பிப் பார்த்தான்.

பிறகு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் வாதம் நடந்தது. லெஸ்லி நல்லவன்தான், ஆனால் தலைமைக்குச் சரிவருவானா என்பதுதான் கேள்வி. தலைவரென்றால் அதட்டத் தெரிய வேண்டும் என்றார்கள் சிலர். அதட்டி அதட்டித்தான் ஊர் அழிந்தது என்றார்கள் வேறு சிலர். இவன் வந்தால் கோவில் பெருநாளுக்குக் கொடியே ஏறாது, விரும்பினவன் ஏற்றட்டும் என்று விட்டுவிடுவான் என்று ஒருவர் பகிடி பண்ணினார். லெஸ்லி கோபிக்கவில்லை. ஒருத்தரையும் தள்ளாமல் கேட்டுப் பார்ப்போம், எங்கள் சனம் நாங்கள் நினைக்கிறதைவிட நல்ல சனம் என்றான். பெட்டி தூக்க ஆளில்லாத செத்தவீடு இனி முனைக்கரையாருக்கு வரக்கூடாது என்று அவன் சொன்னபோது பலர் குனிந்துகொண்டார்கள்.

அமிர்தநாதர் கடைசியாக எழுந்தார். நீண்ட பேச்சு இல்லை. "மனமுள்ளவன் செய்வான் எண்டு தம்பி சொல்லுறார். மனமில்லாதவனிட்டையும் அறை இருக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கதிரையில் இருந்தார்.

கை உயர்த்தியபோது லெஸ்லி வென்றான். அன்றைக்கே முறை இல்லாமல் போனது. வீட்டுக்குப் போகிற ஸ்ரீட்காரில் ஸ்டெபனி தாயின் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தாள்.

அந்தக் கோடை நன்றாகவே போனது. லெஸ்லி பூசை முடிய முன்னுக்கு வந்து, இன்ன குடும்பம் வருகிறது, விரும்பியவர்கள் சொல்லலாம் என்று அறிவிப்பான். யாராவது சொல்வார்கள். சூசைதாசன்கூட ஒரு பெடியனைத் தன் வீட்டில் வைத்தார். பார்த்தீர்களா என்று லெஸ்லி கஸ்பரைக் கேட்டான். 

இலையுதிர் காலத்தில் இரண்டு காரியங்கள் நடந்தன. மாகாணத்தில் புதிதாக வந்த அரசாங்கம், வேலையில்லாதவர்களுக்குக் கொடுக்கிற வெல்பெயர் பணத்தைக் குறைத்தது. பல வீடுகளில் கை சுருங்கியது. ஊர்ப்பக்கம் சண்டையில் யாழ்ப்பாணம் முழுவதும் இடம்பெயர்ந்தது. வருகிற சனம் கூடியது. லெஸ்லி பூசை முடிய அறிவித்தான். சனம் கேட்டுவிட்டு மேலங்கியைப் போட்டது. மாட்டேன் என்று யாரும் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. இப்போது கட்டாயம் இல்லைத்தானே.

வருகிறவர்கள் அறிவிப்புக்குக் காத்திருக்கவில்லை. பஃபலோவில் அகதிகள் தங்குகிற விடுதியில் றீற்றாவின் ரெலிபோன் இலக்கம் வாய்க்கு வாய் போனது. அந்த அக்கா ஓமெண்டுவா என்று ஆளுக்கு ஆள் சொன்னார்கள். இதற்கெல்லாம் முன்பே, செப்ரெம்பர் தொடங்கிய கிழமையே, வேரோனிக்கா என்ற பெண் இரண்டு பிள்ளைகளோடு வந்து அறையில் இறங்கினாள். ஸ்டெபனி அன்றிரவும் சோபாவை விரித்தாள். இரண்டு மாதம்தான் என்று றீற்றா அவளுக்குச் சொன்னாள்.

இரண்டு மாதம் முடிந்தது. வேரோனிக்காவுக்குக் கிடைக்கிற காசுக்கு வீடு அகப்படவில்லை. அன்றைக்குக் காலையில் றீற்றா தன்னை அறியாமல் யன்னலால் கீழே பார்த்தாள். கட்டட வாசலில் வான் எதுவும் நிற்கவில்லை. அமிர்தநாதருக்கு இனி அங்கே வேலை இல்லை. நாள் முடிந்துவிட்டது என்று வேரோனிக்காவுக்கு யாராவது சொல்வதானால் அது றீற்றாதான். அவள் குசினிக்குள் போனாள். குசினிக்குள் வேரோனிக்கா பிள்ளைகளுக்குப் பால் காய்ச்சிக்கொண்டு நின்றாள். "அக்காவுக்கும் தேத்தண்ணி போடட்டோ?" என்று கேட்டாள். ஓம் என்றாள் றீற்றா.

அவர்கள் தை மாதத்தில்தான் போனார்கள். ஸ்டெபனி அறைக்குள் தன் மேசையைத் தள்ளிக்கொண்டு போனாள், கதவைச் சாத்தினாள், உள்ளே பாட்டுப் போட்டாள். மூடிய கதவுக்கு வெளியே நின்று அந்தச் சத்தத்தைக் கேட்கிறது றீற்றாவுக்குச் சந்தோசமாக இருந்தது. அந்தச் சந்தோசம் இரண்டு கிழமைகூட நிற்கவில்லை. மக்டலீன் என்ற இளம் பெண் பஃபலோவிலிருந்து ரெலிபோன் எடுத்தாள். கையில் குழந்தை, புருசன் கொழும்பில் பிடிபட்டுப்போனான். நாளைக்கு வேலையால் வந்து பதில் சொல்கிறேன் என்று றீற்றா ரெலிபோனை வைத்தாள். அவ்வளவாவது சொல்ல முடிந்ததே அவளுக்கு ஆச்சரியம்.

அடுத்த நாள் வேலை முடிய லெஸ்லியைத் தேடிப் போனாள். அவன் ரக்சியை நிறுத்திவிட்டு ஒரு கோப்பிக் கடையில் இருந்தான். இளைத்திருந்தான். வீடு வீடாகக் கேட்டுக் களைத்துப்போனதாகச் சொன்னான். ஒவ்வொருவரிடமும் ஒரு காரணம் இருந்தது, எல்லாமே உண்மையான காரணங்கள். தன்னுடைய பேஸ்மன்றில் நான்கு ஆண்களுக்கு நடுவில் ஒரு குழந்தைப்பிள்ளைக்காரியை எப்படி வைப்பது?

"தம்பி, நீர் தலைவர்தானே. றீற்றாவின்ர முறை இப்ப இல்லையெண்டு அந்தப் பிள்ளைக்கு ஒரு சொல் சொல்லும்."

"முறை எண்டு ஒண்டு இப்ப இல்லையே, அக்கா."

"இருக்கெண்டு சொல்லும்."

அவன் கோப்பியைத் தள்ளிவைத்தான். "ஏலாதெண்டு நீங்களே சொல்லலாம். ஒருத்தரும் உங்களிலை குறை பிடிக்கேலாது. அதுக்காகத்தானே இவ்வளவும் செய்தனாங்கள். உங்களுக்கு உரிமை இருக்கு."

"உரிமை இருக்குத் தம்பி. வாய்தான் இல்லை."

லெஸ்லி ரக்சித் திறப்பைக் கையில் எடுத்துத் திரும்ப மேசையில் வைத்தான். பிறகு, "நான் ஆரையும் ஒரு பக்கமும் தள்ளமாட்டன், அக்கா. கேக்கத்தான் எனக்குத் தெரியும். என்னாலை வேறை விதமாய் இருக்கேலாது" என்றான். அவனுடைய கண் கலங்கியிருந்தது. றீற்றாவுக்கு அவன்மேல் கோபம் வரவில்லை. கோபம் வந்திருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

வீட்டுக்கு வந்தபோது ரெலிபோன் அடித்தது. பின்னால் குழந்தை அழுகிற சத்தம் கேட்டது. "வாரும் பிள்ளை" என்று றீற்றா சொன்னாள்.

மக்டலீன் வருகிற அன்று ஸ்டெபனி தன் புத்தகங்களைப் பையில் அடுக்கினாள். யூனியன்வில்லில் இருக்கிற கஸ்பரின் தங்கை வீட்டுக்குப் போவதாகச் சொன்னாள். மாமி அறை தருகிறாவாம். பள்ளிக்கூடத்துக்குத்தான் தூரம், பரவாயில்லை.

"ஸ்டெபனி, ரெண்டு மாசம்தானம்மா."

"ஆர் சொன்னது ரூ மந்த்ஸ் எண்டு?" அவள் தாயைப் பார்க்காமலே கேட்டாள். "இப்ப அப்பிடி ரூல் ஒண்டும் இல்லையே, அம்மா. ஐ ஆம் நொட் மாட், கோவமில்லை. நான் படிக்கோணும்."

கஸ்பர் அவளைப் பேருந்து நிலையம்வரை கூட்டிக்கொண்டு போனான். திரும்பி வந்து சாப்பிடாமல் படுத்தான். அன்றைக்கு அவன் பகிடி ஒன்றும் விடவில்லை.

அடுத்த பங்குனிக் கூட்டத்தில் லெஸ்லி மறுபடியும் நின்றான். முறையைத் திரும்பக் கொண்டுவருவதென்று அமிர்தநாதரும் நின்றார். போன வருடத்துப் பேச்சுகள் எல்லாம் இன்னொரு தடவை நடந்தன, இந்த வருடம் பகிடி குறைவாக. லெஸ்லியின் காலத்தில் நடந்த இரண்டு செத்தவீடுகளுக்கும் சனம் நிரம்பி வந்தது என்று சூசைதாசன் சொன்னார். அது உண்மை. ஒருவரும் மறுக்கவில்லை. பிறகு எல்லாரும் றீற்றாவைப் பார்த்தார்கள்.

அவள் எழுந்து முன் கதிரையைப் பிடித்துக்கொண்டாள்.

"லெஸ்லித் தம்பி தங்கமான பிள்ளை. நல்ல தலைவரோ எண்டு கேட்டால், மாட்டன் எண்டு சொல்லத் தெரிஞ்ச ஆக்களுக்கு நல்ல தலைவர். எனக்கு அது தெரியாது. என்ர கதவைத் திறக்க எனக்கு ஒருத்தரும் சொல்லத் தேவையில்லை. காணும், போதும், உம்மடை முறை முடிஞ்சுது எண்டு சொல்லத்தான் ஒரு ஆள் வேணும். முந்தி அண்ணை வானோடை வந்து நிக்கேக்கை நான் அவரைத் திட்டினனான். அது எனக்காக வந்த வான் எண்டு அப்ப விளங்கேல்லை."

 லெஸ்லி மெதுவாகச் சொன்னான்: "காணும் எண்டு சொல்ல ஒருத்தருக்கு அதிகாரம் குடுத்தால், வெளியிலை வா எண்டு சொல்லுறதும் அவர்தான், அக்கா. எங்கடை அப்பாவுக்குச் சொன்ன மாதிரி."

"தெரியும், தம்பி" என்றாள் றீற்றா. 

சில கைகள் வித்தியாசத்தில் அமிர்தநாதர் வென்றார். முறை தவறினால் தண்டனை வேண்டாம் என்று ஒருவர் கேட்டுப் பார்த்தார். தண்டனை இல்லாத முறை வெறும் அறிவிப்பு, அதைத்தான் ஒரு வருடம் பார்த்தோமே என்றார் அமிர்தநாதர். சூசைதாசனும் மனைவியும் எழுந்து போனார்கள். லெஸ்லி கதிரைகளை அடுக்க உதவினான், எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு போனான், அதற்குப் பிறகு ஒன்றியத்தின் பக்கம் வரவில்லை.

மக்டலீன் வந்து இரண்டு மாதம் முடிந்திருந்தது; அந்தக் கிழமையே வான் வந்தது. மக்டலீன் தேம்பித் தேம்பி அழுதாள். றீற்றா குசினிக்குள் போகவில்லை. குழந்தையின் பையைத் தானே தூக்கிக்கொண்டு எலிவேற்றரில் கீழே வந்து, அடுத்தது யாருடைய முறை என்று கேட்டாள்.

"சூசைதாசன்ரை" என்றார் அமிர்தநாதர். "ஒழுங்குப்படி அவர்தான். நான் ஆளைப் பாக்கிறேல்லை எண்டு உமக்குத் தெரியும்."

வான் திரும்பி வீதியில் ஏறும்வரை றீற்றா பார்த்துக்கொண்டு நின்றாள். மேலே வந்து விரிப்பை மாற்றி, யன்னலைத் திறந்துவிட்டு, பின்னேரம் யூனியன்வில்லுக்கு ரெலிபோன் எடுத்தாள். அறை வெறுமையாகிவிட்டது, இனி எல்லா வீடும் முடிந்து வரும்வரை ஒருவரும் வர மாட்டார்கள் என்றாள்.  மாமி வீட்டில் பழகிவிட்டது, பள்ளிக்கூடச் சோதனை முடியட்டும், பிறகு பார்ப்போம் என்றாள் ஸ்டெபனி. குரலில் கோபம் இல்லை. வேறு யாருடைய பிள்ளையோ மரியாதையாகக் கதைப்பது போல இருந்தது.

றீற்றா ரெலிபோனை வைக்காமல் சூசைதாசன் வீட்டு இலக்கத்தை அழுத்தினாள். அவருடைய மனைவிதான் எடுத்தாள். "நான் றீற்றா கதைக்கிறன்" என்றதும் அந்தப் பக்கம் ஒரு சொல்லும் வரவில்லை. ரெலிபோனை வைக்கவும் இல்லை. அவளுக்குப் பின்னால், அந்த வீட்டுக்குள் எங்கேயோ, மக்டலீனின் குழந்தை வீறிட்டு அழுதுகொண்டிருந்தது.